கோலப்பொடி ஜீப்

அந்த ஜீப்புக்குச் சக்கரங்கள் நான்கு. அவற்றில் மூன்றுதான் அதனுடையவை. நான்காவது ஏதோ ஒரு வேனிலிருந்து வந்தது.

விழிஞ்ஞத்தில், மைதீனின் வொர்க்ஷாப்புக்குப் பின்னால் அது நின்றிருந்தது. மீன் வியாபாரி ஒருவர் பல வருஷம் ஐஸ்கட்டி ஏற்றி ஓட்டிய வண்டி. உப்புக்காற்று பட்டுக் கதவுகளின் அடிப்பக்கம் அப்பளம் மாதிரிப் பொரிந்திருந்தது. புது ஸ்கூட்டர் விலையில் பாதிதான் கேட்டார் மைதீன்.

"எஞ்சின் கொள்ளாம் சார். நல்லாத்தான் இருக்கு," என்றார் அவர். "பாடியும் பிரேக்கும்தான் வேலை பார்க்கணும். எனக்கு அதுக்கு நேரமில்ல, ஆளும் கிடைக்கல. நாளைக்குள்ள யாரும் எடுக்கலைன்னா திங்கக்கிழமை பிரிச்சுப் போட்டு பார்ட்ஸ் பார்ட்ஸா வித்துடுவேன்."

"பிரிச்சா?" என்றார் சேஷன். வண்டி பார்க்க வந்திருந்தவர் அவர்தான்.

சேஷன் படித்தது வண்டிகளைப் பற்றி. வேலை கிடைத்ததோ கோப்புகள் நிறைந்த ஓர் அலுவலகத்தில். கிழக்கேகோட்டைப் பக்கம் அவர் குடியிருந்த தெருவில் யார் வீட்டு மிக்சி நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் மிக்சி மிக்சிதான், ஜீப் ஆகாது.

அவருடன் வந்திருந்த மகள் பத்மஜாவுக்குப் பதினொரு வயது. டேப்பின் மறுமுனையை அவள்தான் பிடித்தாள். நீளம் பதினொன்றரை அடி, அகலம் ஐந்தரை அடி என்று நோட்டில் எழுதிக்கொண்டாள். முன்கண்ணாடியை அப்படியே மடக்கி பானெட்மேல் படுக்க வைக்கலாம் என்று மைதீன் காட்டியபோது, அவளுக்கும் ஜீப்பை ரொம்பப் பிடித்துவிட்டது.

சாயங்காலம் காபி நேரத்தில் வீட்டில் பேச்சு தொடங்கியது.

"எங்கே நிறுத்தப் போறேள்?" என்று கேட்டாள் அம்மா ராஜஸ்ரீ.

"வாசல்லதான்."

"தெருவே ஒம்பது அடி!"

"ஜீப் அஞ்சரை அடிதானே? மிச்சம் மூணரை அடி இருக்கே. அதுல என்ன, யானையா போகப் போறது?" என்றார் அப்பா.

எட்டு வயதுத் தம்பி அபிஜித்துக்கு அடியைப் பற்றிக் கவலையே இல்லை. "ஜீப்ல பொன்முடி போலாம்! இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவு!" என்று சோபாவிலேயே இருபத்திரண்டு தடவை வளைந்து காட்டினான்.

"சரி, ஓட்டுப் போடலாம். வாங்கலாம்னு சொல்றவா கை தூக்குங்கோ," என்றாள் அம்மா.

அப்பா கை தூக்கினார். அபிஜித் இரண்டு கையையும் தூக்கினான்.

"ஒரு ஆளுக்கு ஒரு கைதான்டா," என்று அம்மா ஒன்றை இறக்கிவிட்டாள். எல்லோரும் பத்மஜாவைப் பார்த்தார்கள்.

"நாளைக்குச் சொல்றேன். முதல்ல ஒரு நாள் வாசல்ல நிறுத்திப் பார்க்கலாம்," என்றாள் அவள்.

"வண்டி விழிஞ்ஞத்துல இருக்கேடீ!" என்றார் அப்பா.

பத்மஜா கோலப்பொடி டப்பாவை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். டேப்பை அபிஜித் பிடித்தான். வாசலை ஒட்டிப் பதினொன்றரை அடிக்கு ஐந்தரை அடி, பிசகாமல் கட்டம் போட்டாள். உள்ளே சீட், ஸ்டியரிங். மூலைக்கொன்றாக நான்கு சக்கரம். அம்மா வந்து பார்த்தாள். "வாசல்ல வெறும் கோடாப் போடப்படாது," என்று பானெட்மேல் ஒரு தாமரையும் போட்டுவிட்டுப் போனாள்.

"நாளை மதியம் வரைக்கும் இது நிஜ ஜீப். யாரும் மிதிக்கவும் கூடாது, குறுக்கே போகவும் கூடாது," என்றாள் பத்மஜா.

"அப்பா, ஏறுங்கோ! ஓட்டுங்கோ!" என்று கத்தினான் அபிஜித்.

அப்பா ஏறவில்லை. பானெட் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். தாமரைக்குப் பக்கத்தில் விரலால் கோடு இழுத்தார். "இது ரேடியேட்டர். இது ஃபேன். இதோ பார், டீசல் பம்ப் இங்கேதான் வரும்..."

"ஒரு தடவையாவது ஓட்டுங்கோப்பா!"

"இருடா, இன்னும் பெல்ட்டே மாட்டலை!"

பெல்ட் மாட்டி முடிப்பதற்குள் தெருவிளக்கு எரிய ஆரம்பித்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு ஓர் ஆட்டோ வந்து ஜீப்புக்கு முன்னால் நின்றது. தெருக்கோடி வீட்டு வடிவாம்பாள் மாமி இட்லியும் சாம்பாரும் செய்து பழவங்காடிக் கடைகளுக்குக் கொடுப்பவர். அவற்றை ஏற்றிப்போக தினமும் இந்த நேரத்துக்குத் தங்கையன் வருவார்.

"மோளே, இதெந்தா?" என்றார் தங்கையன்.

"ஜீப்," என்றாள் வாசல்படியில் காவலுக்கு உட்கார்ந்திருந்த பத்மஜா. விதிகளையும் சொன்னாள்.

தங்கையன் தலையை வெளியே நீட்டி மிச்சமிருந்த இடத்தைப் பார்த்தார். "என் ஆட்டோவுக்கு நாலே கால் அடி வேணுமே." பிறகு கோலத்தைப் பார்த்து ஹாரன் அடித்தார். "டேய் ஜீப்பே, மாறி நில்லு!"

கோலம் அசையவில்லை.

"நகரல. அப்போ நிஜ ஜீப்தான்," என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்தார்.

கொஞ்ச நேரத்தில் அவரும் மாமியும் ஆளுக்கொரு பெரிய பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மாமி வழியில் மூன்று இடத்தில் பாத்திரத்தை இறக்கி வைத்துக் கை மாற்றிக்கொண்டார்.

பத்மஜாவுக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. "மாமி, கோலத்தை அழிச்சுடறேன்."

"அய்யோ, வேண்டாம். எத்தனை அழகாப் போட்டிருக்கே! சாரமில்ல, பரவாயில்லை, நாலு பாத்திரம்தானே."

அடுத்த நடையில் சாம்பார்ப் பாத்திரத்தின் ஒரு காதைப் பத்மஜா பிடித்துக்கொண்டாள். பத்தடி போவதற்குள் விரல்கள் சிவந்துவிட்டன.

"மாமி, நிஜமாவே ஜீப் வந்துடுத்துன்னா தினமும் இப்படித் தூக்கணுமே?"

"தூக்கினாப் போச்சு. உங்கப்பா ஆசையா ஒரு வண்டி வாங்கினா, வேண்டாம்னு நான் வந்து சொல்லுவேனா?" என்று மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தார் மாமி.

பத்மஜாவுக்குச் சிரிப்பு வரவில்லை. மாமி சொல்லவே மாட்டார். அப்பாவுக்குத் தெரியவே தெரியாது. ஜீப் பாட்டுக்கு நின்றுகொண்டிருக்கும்.

காலைப் பலகாரத்தின்போது, "வாங்க வேண்டாம்னுதான் என் ஓட்டு," என்றாள். நடந்ததையும் சொன்னாள்.

"துரோகி!" என்றான் அபிஜித். "ரெண்டுக்கு ரெண்டு!"

"இல்லைடா, மூணுக்கு ஒண்ணு," என்றார் அப்பா. "நானும் ஜன்னல்ல பார்த்தேன். மூணரை அடில யானை இருக்கட்டும், இட்லி ஆட்டோவே போகலையே."

மைதீனைக் கூப்பிட ஃபோனை எடுத்தார். எடுத்ததை மறுபடி மேஜைமேல் வைத்தார். "நாளைக்குப் பிரிச்சுடுவார்," என்று மட்டும் சொன்னார். தோசை பாதியில் நின்றது.

பத்மஜா வாசலைப் பார்த்தாள். கோல ஜீப்பின் பானெட் அப்பாவின் விரல்பட்டுக் கலைந்து கிடந்தது. தாமரையில் பாதி டீசல் பம்ப் ஆகியிருந்தது. ஸ்டியரிங் மட்டும் அவள் போட்டது போட்டபடி இருந்தது.

"அப்பா, ஜீப்பை வாங்கணுங்கறதும் சரி பண்ணணுங்கறதும் ஒரே விஷயமா?"

"வாங்காம எப்படிடீ சரி பண்றது?"

"தெருவுல எல்லார் மிக்சியையும் வாங்கிண்டா சரி பண்ணினேள்?"

அம்மா சிரித்துவிட்டாள். அப்பா சிரிக்கவில்லை, நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பத்மஜாவே மைதீனைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள். "மாமா, எங்களால ஜீப் வாங்க முடியாது. நிறுத்த இடமில்லை. ஆனா பிரிச்சுடாதீங்கோ. வண்டி உங்ககிட்டயே இருக்கட்டும். அப்பா ஞாயித்துக்கிழமை தோறும் வந்து சரி பண்ணித் தருவார். அப்புறம் நீங்க முழு வண்டியாவே வித்துக்கலாம்."

அந்தப் பக்கம் ஸ்பானர் விழும் சத்தம் கேட்டது.

"சார் சம்மதிச்சா எனக்கு லாபம்தான் மோளே. ஆனா சாருக்குக் கூலி?"

அப்பா வேண்டாம் என்று தலையாட்டினார். ஃபோனில் தலையாட்டுவது தெரியாது என்பது அவருக்குத் தோன்றவில்லை. அதற்குள் அபிஜித் பாய்ந்து வந்தான். "பொன்முடி! விக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை பொன்முடி!"

மைதீன் உரக்கச் சிரித்தார். "சரி, முதல் டிரிப் பொன்முடி. டீசல் உங்க வாப்பா ஊத்தணும்."

"ஊத்துவார்," என்றாள் அம்மா, அப்பாவைக் கேட்காமலே.

"அப்போ சார் எப்போ வர்றீங்க?"

பதிலுக்கு ஆளைக் காணோம். அப்பா உள்ளே பழைய சட்டை தேடிக்கொண்டிருந்தார்.

அன்று மாலை ஆறு மணிக்கு அவர் திரும்பி வந்தபோது முழங்கை வரை கிரீஸ். மூக்கிலும் கொஞ்சம். அம்மா வாசலிலேயே நிறுத்தி, வாளியையும் சோப்பையும் வைத்தாள். "அதைத் தொடாதேங்கோ, இதைத் தொடாதேங்கோ. அப்படியே நில்லுங்கோ."

"ஒரு சக்கரத்துக்கு பிரேக் பிடிக்கறது!" என்றார் அப்பா.

"மிச்சம் மூணுக்கு?" என்றான் அபிஜித்.

"அதுக்குத்தான் ஞாயித்துக்கிழமை நிறைய இருக்கேடா," என்று சொல்லிவிட்டு, விசிலடித்துக்கொண்டே சோப்புப் போட ஆரம்பித்தார் அப்பா.