நிறம் ஏறாத கரடி

கரடியின் வலது காது மட்டும் பழுப்பு நிறமாகிவிட்டது. மற்றபடி அது மாவு மூட்டைக்குள் விழுந்து எழுந்ததுபோல, வெள்ளை வெளேரென்று கணினித் திரையில் உட்கார்ந்திருந்தது.

“மறுபடியும் நின்னுபோச்சு,” என்றாள் அம்மா. “பிரஷ்ஷை எங்க தேய்ச்சாலும் நிறம் வரல. நான்தான் எதையோ கெடுத்துட்டேன்.”

வாயாடிக்குப் பொறுக்கவில்லை. (அவளுக்கு வைத்த பெயர் வேறு. அவள் பேசுகிற பேச்சில் அது எல்லோருக்கும் மறந்துவிட்டது.) கண் போன யானை, சக்கரம் கழன்ற ரயில் எல்லாவற்றையும் சரிசெய்கிற அம்மா, ஒரு படத்தையா கெடுப்பாள்?

நாளைக் காலை அம்மாவின் பொம்மை ஆஸ்பத்திரி திறப்பு. அந்தக் கடையில் முன்பு சாவி செய்பவர் இருந்தார். அதனால் இன்னும் ஆட்கள் பூட்டும் கையுமாக வந்துகொண்டே இருந்தார்கள். வாசலில் கட்டுப்போட்ட கரடியின் பேனர் தொங்கினால்தான் விஷயம் எல்லோருக்கும் புரியும். பேனர் கடைக்காரரோ, சாயங்காலம் ஷட்டரை இறக்கிவிட்டால் யார் வந்தாலும் தூக்கமாட்டார்.

“சித்தப்பாவைக் கூப்பிடறேன்!” என்று மாடிக்கு ஓடினாள் வாயாடி.

சித்தப்பா சாதாரண ஆள் இல்லை. அதை அவரே சொல்வார். அம்மா படம் வரைகிற மென்பொருளைப் பல நாட்டு ஆட்கள் சம்பளம் வாங்காமல் சேர்ந்து செய்கிறார்கள். யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், மாற்றலாம். அருமையான விஷயம்தான். அதில் பிரஷ் பகுதிக்குச் சித்தப்பா பொறுப்பு. அதைச் சொல்லும்போது, கடல் அலைக்கே தான்தான் பொறுப்பு என்பதுபோல அவர் மார்பு விரியும்.

சித்தப்பா இறங்கி வந்தார். நின்றபடியே நாலு பொத்தானைத் தட்டினார். கரடியின் மூக்கில் பளிச்சென்று நிறம் ஏறியது.

“அவ்வளவுதான் அண்ணி! ரொம்ப சிம்பிள்.”

“என்ன செஞ்சீங்க தம்பி?”

“அதெல்லாம் அடிப்படை. கையேட்டுல முன்னூறாவது பக்கத்துல விவரமா இருக்கு. இது பெரிய கலைஞர்களுக்கான கருவி. நாமதான் அதோட உயரத்துக்கு ஏறணும்.”

சொல்லிவிட்டு அவர் மாடிக்கு ஏறினார். கடைசிப் படியை மிதிப்பதற்குள் கரடி மறுபடியும் அடம்பிடித்தது.

வாயாடி யோசித்தாள். இத்தனை நாளாக வீட்டுக்கு உடைந்த பொம்மை வந்தால், அம்மா உடனே திருப்புளியைத் தூக்கமாட்டாள். கொண்டுவந்த குழந்தையிடமே அதைத் திருப்பிக் கொடுத்து, “விளையாடு, பாக்கறேன்” என்பாள். நடுவில் தான் பேசிவிடக் கூடாதென்று, பல்லில் ஒட்டுகிற டாஃபி ஒன்றை வாயில் போட்டுக்கொள்வாள். குழந்தை எங்கே பிடித்து இழுக்கிறது என்று பார்த்தால்தானே எங்கே உடைகிறது என்று தெரியும்?

சித்தப்பா ஒரு தடவைகூட அம்மா வரைவதைப் பார்த்ததில்லை. வருவார், தட்டுவார், ஏறுவார்.

மறுபடியும் கூப்பிட்டாள். அவர் வந்தார், தட்டினார், திரும்பினார்.

“சித்தப்பா, வாயைத் திறங்க.”

“எதுக்கு—”

டாஃபி உள்ளே போய்விட்டது.

“இது கரையிற வரைக்கும் பேசக்கூடாது. உக்காந்து, கை ரெண்டையும் தொடைக்கு அடியில வெச்சுக்கோங்க. அம்மா வரைவாங்க, நாம பாக்கணும். ஆஸ்பத்திரி விதி!”

“ம்ம்! ம்ம்ம்!”

அம்மா வரைய ஆரம்பித்தாள். பிரஷ்ஷை எடுக்கப் போனாள். பிரஷ் படத்துக்குப் பக்கத்திலேயே, கட்டம் போடுகிற கருவியின் படம் இருந்தது. இரண்டும் எறும்பு அளவு. அம்மாவின் விரல் கட்டத்தை அமுக்கிவிட்டது. காதோரம் ஒரு இழுப்பு இழுத்தாள். நிறம் வரவில்லை. தவறு புரிந்து, சரியாகப் பிரஷ்ஷையே எடுத்தாள். ஆனால் காதோரம் புள்ளி புள்ளியாக ஒரு குட்டிக் கட்டம் நின்றுவிட்டது.

சித்தப்பாவின் கைகள் தொடைக்கு அடியில் துள்ளின. வாயாடி முறைத்தாள்.

அம்மா கரடியின் வயிற்றில் தேய்த்தாள். காலில் தேய்த்தாள். நிறமும் வரவில்லை, ஏன் என்று திரை ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. அம்மா கணினியின் தலையைத் தடவிக்கொடுத்து, “மன்னிச்சுக்கோப்பா, என்ன தப்பு பண்ணினேன்னு எனக்குத் தெரியல,” என்றாள்.

சித்தப்பா டாஃபியை முழுசாக விழுங்கிவிட்டார்.

“அண்ணி, நீங்க ஏன் மன்னிப்புக் கேக்கறீங்க? அதுதான் கேக்கணும்! காதோரம் பாருங்க, ஒரு கட்டம். அது இருக்கிற வரைக்கும் அதுக்குள்ள மட்டும்தான் நிறம் ஏறும்.”

“இதுவா? தூசின்னுல்ல நெனச்சேன்!”

“அதை ஏன் அது சொல்லல, சித்தப்பா?”

சித்தப்பா வாயைத் திறந்தார். முன்னூறாவது பக்கம் நாக்கு நுனிவரை வந்தது. அதையும் விழுங்கினார்.

“எங்களுக்குத்தான் தெரியுமேன்னு விட்டுட்டோம்,” என்றார், எலிக்குஞ்சுக் குரலில். “சொல்றதுன்னா எப்படிச் சொல்லணும்?”

“‘அக்கா, ஓரத்துல ஒரு கட்டம் போட்டிருக்கீங்க. எடுத்துடவா?’ அவ்வளவுதான் சித்தப்பா. ரொம்ப சிம்பிள்!”

அம்மாதான் முதலில் சிரித்தாள். கட்டத்தை எடுத்ததும் கரடி மளமளவென்று பழுப்பானது. பேனர் கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தபோது, வாயாடி அதற்கடியில் குனிந்து உள்ளே நுழைந்துவிட்டாள்.

மறுநாள் காலை முதல் ஆளாக வந்தவர் கையில் பூட்டு இருந்தது. அண்ணாந்து கரடியைப் பார்த்தார். பூட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். திரும்பி வரும்போது கையில் காது அறுந்த முயலும், பின்னாலேயே மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஒரு குட்டிப் பையனும்.

சில நாள் கழித்துச் சித்தப்பா புதிதாகச் செய்த பிரஷ்ஷோடு இறங்கி வந்தார். “அண்ணி, நீங்க வரையுங்க,” என்றார். யாரும் சொல்லாமலே ஒரு டாஃபியை வாயில் போட்டு, கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். பழக்க தோஷத்தில் அம்மாவும் ஒன்று போட்டுக்கொண்டாள்.

அம்மா வேண்டுமென்றே ஓரத்தில் ஒரு கட்டம் இழுத்துவிட்டு, வேறிடத்தில் பிரஷ்ஷைத் தேய்த்தாள். “அக்கா, ஓரத்துல ஒரு கட்டம் போட்டிருக்கீங்க. எடுத்துடவா?” என்று திரையில் எழுத்து வந்தது.

“ம்ம்ம்!” என்றாள் அம்மா. “ம்ம்!” என்றார் சித்தப்பா.

“இன்னும் கொஞ்சம் பெரிய எழுத்தா போடலாம் சித்தப்பா, அப்புறம் அந்த ரெண்டு எறும்பையும் தள்ளித் தள்ளி வைங்க, அப்புறம்...” என்று வாயாடி பேசிக்கொண்டே போனாள்.

அவள் வாயில் போடலாமென்றால், டப்பாவில் டாஃபி தீர்ந்துவிட்டிருந்தது.