இரண்டாவது முள்

இரண்டாவது முள் அசைந்தது.

கனகலிங்கம் உதட்டைப் பிதுக்கினார். நாடி பதியும் பெட்டியில் நான்கு முட்கள். முதலாவது மட்டுமே லாஞ்சை ஓட்டும் தண்டையல் ஏரம்புவின் விரலோடு வயரால் பிணைக்கப்பட்டிருந்தது. மற்ற மூன்று வயர்களும் யார் உடம்பிலும் ஒட்டப்படாமல், லாஞ்சின் ஆட்டத்தில் பலகையிலிருந்து சரிந்து, ஜன்னலுக்கு வெளியே கடலுக்குள் தொங்கின. ஆளில்லாத முள் நாடி எழுதுகிறதாம்! உப்புக்காற்றுப் பட்டால் இயந்திரமும் இந்தக் கடற்கரைச் சனத்தைப் போலப் புளுகத்தான் செய்யும்.

கப்பலோட்டிகளின் மனப்பதற்றத்தை நாடித்துடிப்பாலும் விரல் வியர்வையாலும் மூக்கு நுனியின் சூட்டாலும் அளப்பது கனகலிங்கத்தின் படிப்பு. எண்பத்து நாலாம் ஆண்டு பங்குனி வெயிலில், குறிகாட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் பயணிகளை ஏற்றி ஓடும் லாஞ்சில், டீசலும் கருவாடும் வியர்வையும் கலந்த நாற்றத்தைக் கைக்குட்டையால் தடுத்தபடி அவர் உட்கார்ந்திருந்ததற்கு லாஞ்சுச் சொந்தக்காரரின் வேண்டுகோளே காரணம். யார் சுக்கான் பிடிக்கத் தகுந்தவன் என்று அவர்தான் எழுதிக் கொடுக்கவேண்டும். ஏரம்புவுக்கு ஐம்பது வயதிருக்கும். கனகலிங்கத்துக்கு அவன் நாடி அறுபத்து நாலாகத் துடிக்கும் ஒரு மரக்கட்டை, அவ்வளவுதான்.

"ஐயா, முருகேசு அண்ணையையும் உந்தப் பெட்டிக்கு முன்னாலைதான் இருத்தி வைச்சனீங்களோ?" என்று ஏரம்பு திரும்பாமலே கேட்டான்.

"ஓம். ஏன்?"

"சும்மா கேட்டனான்."

முருகேசு இவனுக்கு முன் இருந்த தண்டையல். ஆறு மாதத்துக்கு முன், இதே பாதையில் ஓரிடம் வந்ததும் அவன் நாடி நூற்று நாற்பதுக்கு ஏறியது. "இந்த இடத்திலை கடல் ஒரு மாதிரி இழுக்குது, ஐயா. என்னாலை ஏலாது. வேறை ஆளைப் போடச் சொல்லுங்கோ" என்று கையெடுத்துக் கும்பிட்டான். கனகலிங்கம் சிரித்துவிட்டு, 'சாராய நடுக்கம். தகுதி உண்டு' என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். ஒன்பதாம் நாள் அவன் ஓட்டிய லாஞ்சு முப்பத்தொரு பேரோடு காணாமற்போனது. ஓர் உடலும் கரை சேரவில்லை. செய்தி கேட்டபோதும் அவர் சொன்னது ஒரே சொல்: "குடிகாரன்."

முள் இன்னும் எழுதிக்கொண்டிருந்தது. பல்லி சுவரைச் சுரண்டுவது போன்ற மெல்லிய ஒலி எஞ்சினின் தடதடப்பையும் தாண்டிக் காதுக்குள் வந்தது. எரிச்சலோடு காகிதத்தை இழுத்துப் பார்த்தார். ஐந்து துடிப்பு, ஓர் இடைவெளி. மறுபடி ஐந்து, ஓர் இடைவெளி. இத்தனை வருடத்தில் அப்படித் துடித்த நெஞ்சு ஒன்றைத்தான் அவர் கண்டிருந்தார், ஆறு மாதத்துக்கு முன்.

நூற்று இருபது. நூற்று நாற்பது.

எஞ்சின் நின்றது.

"ஏன் நிப்பாட்டினனீ?"

"நான் நிப்பாட்டேல்லை. அதுவா நிண்டிட்டுது." ஏரம்பு சுக்கானிலிருந்து கையை எடுத்தான். "இஞ்சைதான், ஐயா."

கடல் தகடுபோலக் கிடந்தது. கீழே பயணிகளின் பேச்சும் அடங்கிப்போனது. பழைய கிணற்றுச் சேற்றின் மணம், நடுக்கடலில், எங்கிருந்தோ எழுந்து வந்தது.

மூன்றாவது முள் அசைந்தது. பிறகு நான்காவது. அது மிக வேகம். குழந்தைகளின் நெஞ்சுதான் அப்படி அடிக்கும்.

"பெட்டியை நிப்பாட்டுங்கோ, ஐயா."

"பயந்திட்டியோ? வீரமெல்லாம் இவ்வளவுதானோ? உன்ரை நாடியே காட்டிக்குடுக்குது, பார்..."

முதலாவது முள்ளைப் பார்த்தார். அறுபத்து நாலு.

ஏரம்பு முதன்முறையாக அவரை நேராகப் பார்த்தான். காலில் ஒட்டிய எதையோ பார்ப்பது போன்ற பார்வை. "எனக்கென்ன பயம்? அவையள் என்னைத் தேடேல்லை."

விரலில் இருந்த வயரைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கீழே இறங்கிப் போனான்.

கனகலிங்கம் பெட்டியின் பற்றரியைக் கழற்றினார். காகிதம் நின்றது. முதலாவது முள் விழுந்தது. மற்ற மூன்றும் நிற்கவில்லை. ஒரே இடத்தில். திரும்பத் திரும்ப. காகிதம் கிழிந்தது. அடியில் மரம் கீறியது.

வயர். ஈரம். அதனால்தான். வேறொன்றுமில்லை.

ஜன்னலால் கையை நீட்டி ஒரு வயரைப் பிடித்தார். இழுத்தார். வரவில்லை. விறைப்பாக நின்றது. பிறகு மெல்ல, அந்தப் பக்கத்திலிருந்து, இழுபட்டது. ஐந்து முறை. ஓர் இடைவெளி.

விட நினைத்தார். விரல்கள் விரியவில்லை.

எட்டிப் பார்த்தார்.

வயரின் நுனியில் ஒரு விரல். ஊறி வெளுத்தது. பஞ்சு வைத்து, பிளாஸ்டர் சுற்றி, நாடி பிடிக்கும் தகடு நேர்த்தியாக ஒட்டியிருந்தது. அதன் பின்னால், அசையாத நீருக்கு மேலே, கண்ணுக்கெட்டிய தூரம்வரை விரல்கள். பெரியவை. வளையலுக்கு மேலே நீண்டவை. சின்னஞ்சிறியவை. ஒன்றன்பின் ஒன்றாக, ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பதுபோல, மிகவும் பணிவாகத் தங்கள் முறைக்குக் காத்துக்கொண்டு.