நாற்பதாவது குழி

ஏழாவது போத்தின் தலையில் சாணி இல்லை.

நேற்றுச் சாயங்காலம் தன் கையால்தான் அப்பிவிட்டுப் போயிருந்தான் சுடலைமுத்து. போத்து என்றால் ஆள் உயரத்துக்கு வெட்டி நட்ட ஆலங்கிளை. வெட்டுவாய் காய்ந்துவிடக் கூடாதென்று ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு உருண்டைச் சாணி. இப்போது விடிகாலைப் பனியில், ஓசூர்த் தொழிற்பேட்டையின் புது ரோட்டோரம், அந்த உச்சி துடைத்துவிட்டதுபோல் வெறுமையாக இருந்தது. காக்கா கொத்தியிருக்கும் என்று நினைத்தான். எட்டாவதிலும் இல்லை. ஒன்பதாவதிலும் இல்லை. காக்கைகள் இன்னும் எழுந்திருக்கவே இல்லை.

ஒன்பது மணிக்கு ஆபீசர் வருகிறார். நாற்பது மரமும் உயிரோடு இருந்தால் சுடலைமுத்துவுக்குத் தோட்ட வேலை நிரந்தரம், பேட்டையிலேயே குடியிருக்க ஒரு அறை. திருநெல்வேலிப் பக்கத்தில் கைக்குழந்தையோடு காத்திருக்கும் காளியம்மாளை அழைத்துக்கொள்ளலாம். பாவி, பொங்கலுக்கு ஊருக்குப் போனவன் அவள் முகத்தைப் பார்த்ததும் நாலு நாள் லீவைப் பதினைந்தாக்கிவிட்டான். திரும்பி வந்தபோது, ரோட்டோரம் அவன் நட்டிருந்த நாற்பது கன்றுகளும் தண்ணீர் காணாமல் சருகாகி நின்றன.

அந்தக் குழிகளில் போத்து நட்டுச் சமாளிக்கலாமென்றுதான் நேற்று கிளை வெட்ட ஏரிக்கரை ஆலமரத்துக்குப் போனான். கூட வேலை பார்க்கும் திம்மராயன் உள்ளூர்க்காரன். கோடாலியை ஓங்கியதும் கையைப் பிடித்துக்கொண்டான்.

"இன்னிக்கு வேணாங்ண்ணா. கோடாலிய அடியில சாத்தி வெச்சிட்டு, 'நாளைக்கு வெட்றோம், எடம் மாறிக்கோங்க'ன்னு மரத்துகிட்ட சொல்லிட்டு வரணும். ஒரு ராத்திரி குடுத்தாத்தான் அதுல இருக்கறது எறங்கிப் போவும்."

"ராத்திரி குடுக்கதுக்கு எனக்கு எங்கடே நேரம்? விடிஞ்சா ஆபீசர் வாறாரு. நகத்தால பட்டையச் சுரண்டிப் பாப்பாராம்லா. உள்ள பச்சை இல்லன்னா என் சோலி முடிஞ்சுது."

"எறங்காட்டி கெளையோட கூடவே வந்துருங்ண்ணா."

சுடலைமுத்து சிரித்துக்கொண்டே வெட்டினான். திம்மராயன் வெட்டவும் இல்லை, நடவும் இல்லை. துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான்.

பனி இறங்கிக்கொண்டே இருந்தது. எதிர்த் தொழிற்சாலையின் சுவரும், நைட் ஷிப்டின் மங்கிய விளக்கும், பெங்களூர் ரோட்டில் கியர் மாற்றும் லாரிகளின் முனகலும் ஒவ்வொன்றாக அதற்குள் அமிழ்ந்துபோக, டீசல் வாடையை ஒதுக்கிவிட்டு ஆலம்பாலின் புளித்த வாசனை மட்டும் மூக்கருகே வந்து நின்றது. கையோடு கொண்டுவந்திருந்த வாளியிலிருந்து சாணியை அள்ளி, எக்கி, ஏழாவது போத்தின் தலையில் வைத்தான். அந்தத் தலை சூடாக இருந்தது. காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைப்போல.

கையை வேட்டியில் துடைத்தான். ஓடிவிடலாம் என்று தோன்றியது. காளியம்மாள் நினைவு வந்தது. வாளியை அங்கேயே வைத்துவிட்டு, கடைசிவரை ஒருமுறை எண்ணிப் பார்த்துவிடலாமென்று நடந்தான். இருபது. எல்லாம் வெறும் தலை. முப்பது. வாசனை கூடவே வந்தது. முப்பத்தொன்பது.

நாற்பதாவது குழியில் ஒன்றுமில்லை.

குனிந்து பார்த்தான். விளிம்பில், ஈர மண்ணில், காலடிகள். வெளியே போனவை மட்டும்.

பின்னால் வாளியின் கைப்பிடி கிணுங்கியது.

ஏழாவதின் அருகில் வைத்த வாளி. மறுபடியும் கிணுங்கியது. இன்னும் பக்கத்தில்.

திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. ஒரு அடி எடுத்தான். கால் வழுக்கியது. முழங்கால்வரை குழி. சில்லென்ற சேறு. கைகளை ஊன்றி எம்பினான். வரவில்லை. மண் விழுந்தது. யாரோ தள்ளினார்கள். இன்னும் கொஞ்சம். பிறகு, நேற்று அவன் செய்ததுபோலவே, சுற்றிலும் குதிகாலால் மிதித்து இறுக்கினார்கள்.

உச்சந்தலையில் ஈரமாக ஏதோ அப்பியது. சாணி.

வெயில் வந்தது. ஜீப் வந்தது.

"எங்கய்யா சுடலைமுத்து?"

"காலையிலருந்தே காணோங்க சார்." திம்மராயனின் குரல்.

ஆபீசர் எண்ணிக்கொண்டே வந்தார். ஒவ்வொன்றிலும் நகம் சுரண்டும் சத்தம். கடைசியாக அவன் எதிரில் நின்றார். சுடலைமுத்து கத்தினான். வாய் திறக்கவில்லை. நகம் நெஞ்சில் பதிந்து மெதுவாகக் கீழே இறங்கியது.

"பச்சையா இருக்கு. நாற்பதும் பொழச்சிடுச்சு. வந்தான்னா சொல்லு, ஆர்டர் போட்டுடலாம்."

ஜீப் போய்விட்டது. திம்மராயன் மட்டும் நகரவில்லை. அவன் கண்கள் இறங்கிய இடத்துக்கு சுடலைமுத்துவின் கண்களும் இறங்கின. சுரண்டிய கீறலிலிருந்து வெள்ளைப் பால் வழிந்து, இடுப்புயரத்தில் பட்டையை இறுக்கியிருந்த கறுப்பு அரைஞாண் கயிற்றில் தேங்கி, சொட்டிக்கொண்டிருந்தது.