குரல் குழி

பொம்மலாட்ட அரங்கத்தின் வாசலுக்கு வந்து சேர்ந்தபோது அவளுக்குள் கோபம் கொதித்துக்கொண்டிருந்தது. முகத்தில் தெரியவில்லை. தெரியாமல் வைத்துக்கொள்வதுதான் அவள் தொழில். வாடிக்கையாளர் சேவை மையத்தில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, முகம் தெரியாதவர்களின் வசவையெல்லாம் வாங்கிக்கொண்டு, "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று வெண்ணெய் தடவிய குரலில் சொல்கிற வேலை. குரலில் கோபம் எட்டிப் பார்த்தால் அங்கே சீட்டு கிழிந்துவிடும். பழகிப் பழகி வீட்டிலும் அதே குரல்தான் வந்தது.

அன்று காலை ஓட்டல் அறையில், மகளுக்கு மாற்றுடை எடுக்கப் பெட்டியைத் திறந்தாள். அடியில் மடிப்புக் கலையாத சீருடைகள். ஒவ்வொன்றின் கழுத்துப்பட்டையிலும் மகளின் பெயர் எழுதிய துணித்துண்டு தைத்திருந்தது. விடுதிப் பள்ளிகளில்தான் அப்படித் தைத்து எடுத்து வரச் சொல்வார்கள்.

"நாளைக்குச் சேர்க்கணும்," என்றான் கணவன், பல் தேய்த்துக்கொண்டே. "அக்கா எல்லாம் பேசி முடிச்சிட்டா. முன்னாடியே சொன்னா நீ அழுது ஊரைக் கூட்டுவே. அதான் டூர்னு சொன்னேன்."

இன்னும் தூக்கத்தில் அம்மாவின் காது மடலைப் பிடித்துக்கொண்டு படுக்கிற பிள்ளை. அதை நாளைக்கு யாரோ முன்பின் தெரியாதவர்களிடம் இரும்புக் கட்டிலில் விட்டுவிட்டு வர வேண்டுமாம். ஊர் சுற்றிப் பார்க்கலாம் என்று ஏமாற்றிக் கூட்டி வந்திருக்கிறான், பாவி. அதற்கு அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "ஏங்க, கொஞ்சம் யோசிச்சுப் பாக்கலாமே" என்றாள். அந்த வெண்ணெய்க் குரலில். அவன் வாய் கொப்பளித்துத் துப்பினான். அவ்வளவுதான் பதில்.

அரங்கம் ஒரு சந்துக்குள் ஒடுங்கி நின்றது. வெளியே உச்சி வெயில்; உள்ளே கால் வைத்ததும் ஈர மரமும் பழைய வார்னிஷும் கலந்த வாடை மூக்கில் ஏறியது. சிவப்புத் துணி போர்த்திய பெஞ்சுகள், முன்னால் சின்ன மேடை. மேடையில் ஆளுயரத்தில் பாதி இருக்கும் ராஜாவும் ராணியும் கயிறுகளில் தொங்கிக்கொண்டிருந்தார்கள். காற்றே இல்லாத அந்தக் கூடத்தில் ராணியின் பாவாடை ஓரம் மட்டும் லேசாக ஆடியது.

"அம்மா, அந்த ராணி ஏன் முறைக்கிறா?" என்று மகள் கேட்டாள். வாலு என்றுதான் வீட்டில் அவளுக்குப் பெயர்.

"அது பொம்மைடி செல்லம்."

அரங்கத்தைச் சுற்றிக் காட்டுவதற்கு இடுப்பில் சாவிக்கொத்தைச் செருகிய ஒரு பெண்மணி இருந்தாள். வாய் நிறையக் கிண்டல். வந்திருந்த கூட்டத்தைப் பெஞ்சுகளில் அமர வைத்துவிட்டு, மேடைக்கு முன்னால் தரையில் இருந்த பலகைக் கதவைத் தூக்கிக் காட்டினாள். உள்ளே இருட்டு.

"இங்க ஆட்டுறவர் வேற, பேசுறவங்க வேற. ஆட்டுறவர் மேல, பரண்ல நிப்பார். பேசுறவங்க கீழ, இந்தக் குழியில. குரல் குழின்னு பேரு. உள்ள ஒரு கட்டை இருக்கு. அதை இழுத்தா ராணி வாய் திறக்கும், தள்ளினா மூடும். பேசி முடிச்சதும் வாயை மூடிட்டுத்தான் மேல ஏறணும். அப்புறம், வீட்டுக் கோபத்தோட யாரும் குழியில இறங்கக் கூடாது. இது ரெண்டும் இங்க கட்டாயம்."

"ஏன்?" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்.

"ஒரு காலத்துல ஒரு புருஷனும் பொண்டாட்டியும் இங்க வேலை பாத்தாங்க. அவர் மேல ஆட்டுவார், அவ கீழ பேசுவா. அடி, உதை, எல்லாம் உண்டு. ஒருநாள் ஆட்டத்துக்கு நடுவுல அவ ராணியோட வசனத்தை விட்டுட்டு தன்னோட வசனத்தைப் பேசிட்டா. வயித்தெரிச்சல் மொத்தத்தையும் கொட்டிட்டா. வாயை மூடாமயே ஏறி வந்துட்டா. அன்னைக்கிலிருந்து அந்த மனுஷன் அவ சொன்னதைத் தவிர வேற எதுவும் செய்யல. நல்ல வார்த்தையில சொன்னா காதுலயே விழாது. கோபமா சொன்னா அசைவார்."

"எங்க வீட்லயும் அப்படித்தாங்க!" என்றாள் ஒரு பெண். கூட்டம் சிரித்தது.

வாலுவின் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "அவங்களுக்குக் குழந்தை இருந்துச்சா?" என்று கேட்டாள்.

சாவிக்காரம்மாவின் முகத்திலிருந்த கிண்டல் வடிந்துவிட்டது. "அதெல்லாம் எதுக்கும்மா," என்றாள். உடனே கையைத் தட்டிக் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "யாராவது ராணிக்குக் குரல் கொடுக்குறீங்களா? ஒரே வரிதான்."

"இவ வருவா!" என்று அவளைப் பிடித்து முன்னால் தள்ளினான் கணவன். "நாள் பூராவும் போன்ல தொணதொணன்னு பேசுறதுதான் இவ வேலை. ஓசியில ஒரு வரி பேசினா குறைஞ்சா போயிடும்?"

கூட்டம் மறுபடி சிரித்தது.

சாவிக்காரம்மா அவளை உற்றுப் பார்த்தாள். "கோபம் கீபம் எதுவும் இல்லியே? இருந்தா இப்பவே சொல்லிடும்மா. வேற ஆளைக் கூப்பிடுறேன்."

"இல்லங்க. அதெல்லாம் ஒண்ணும் இல்ல," என்றாள் அவள்.

எப்பேர்ப்பட்ட குரல் அது! வருடக்கணக்காக ஆயிரம் பேரை ஏமாற்றிய குரல். சாவிக்காரம்மாவும் ஏமாந்தாள்.

படியில் இறங்கியதும் தலைக்கு மேல் பலகை மூடிக்கொண்டது. கும்மிருட்டு. பலகை இடுக்கு வழியாக நூல் மாதிரி வெளிச்சம். உட்கார ஒரு முக்காலி, முகத்துக்கு நேரே வழவழப்பாகத் தேய்ந்துபோன கட்டை. அவள் அதை இழுத்தாள். மேலே எங்கோ, டக் என்று ராணியின் தாடை இறங்கியது.

"மன்னா, சென்று வருக," என்றாள், சொல்லிக் கொடுத்தபடியே.

மேலே கைதட்டல். அதற்குள் கணவனின் குரலும் கேட்டது. பக்கத்தில் இருந்தவரிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தான். "நாளைக்குப் பாப்பாவை ஹாஸ்டல்ல விடுறோம். இவளுக்கு முழுச் சம்மதம்."

முழுச் சம்மதமாம்.

கட்டையைத் தள்ளுவதற்காகக் கையை வைத்தாள். அது நகரவில்லை.

இருட்டில் யாரோ மூச்சு விட்டார்கள்.

அவளுடைய மூச்சு அல்ல. கழுத்துக்குப் பின்னால், மிக அருகில், நெடுநேரம் அடக்கி வைத்திருந்து விடுகிற மூச்சு. ஈர மரத்தின் வாடை குப்பென்று அடித்தது.

"அது ராணியோட வசனம்," என்றது ஒரு கிசுகிசுப்பு. "உன்னோடதைச் சொல்லு."

ஓடத்தான் நினைத்தாள். ஆனால் பயத்தைவிடப் பெரியதாக ஒன்று காலையிலிருந்து தொண்டையில் நின்றுகொண்டிருந்ததே! அது பயத்தை இடித்துத் தள்ளிவிட்டு வெளியே வந்தது.

"யாரைக் கேட்டு என் பிள்ளையைப் பிரிக்கிற நீ? பெத்தவ நான் ஒருத்தி குத்துக்கல்லாட்டம் இருக்கேன், உங்க அக்கா யாரு முடிவு பண்ண? போதும்! உன் ஆட்டம் போதும். இனிமே நான் சொல்றதைத்தான் நீ செய்வ. மண்டி போடு! போடுடா!"

மேலே தடதடவென்று சத்தம். கூட்டம் ஆரவாரித்தது. ராஜா பொம்மை மண்டி போட்டிருந்தது. பரணில் நின்றவர் மட்டும் "நான் ஆட்டலீங்க! கயிறு என் கையிலயே இல்லீங்க!" என்று அலறிக்கொண்டிருந்தார்.

பலகை திறந்தது. கணவனின் கை உள்ளே வந்து அவள் மேல்கையைப் பிடித்து இழுத்தது. "மானத்தை வாங்கிட்டியே! வெளிய வா!"

"இருங்க, வாயை மூடணும்..."

"உன் வாயை முதல்ல மூடு!"

தரதரவென்று இழுத்துக்கொண்டு போனான். வாசலில் அவள் திரும்பிப் பார்த்தபோது ராணியின் வாய் ஆவென்று திறந்தபடியே இருந்தது. சாவிக்காரம்மா குழிக்குள் பாதி உடம்பை நுழைத்துக் கட்டையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். "தள்ள முடியலையேம்மா!" என்ற அவளது குரல் சந்து வரைக்கும் துரத்தி வந்தது.

பெரிய சாலைக்கு வந்ததும் அவன் பிடி தளர்ந்தது. திட்டுவான் என்று காத்திருந்தாள். திட்டவில்லை. சாலையைக் கடக்க இறங்கியவன் நடுவில் நின்றுவிட்டான்.

"ஏங்க, வாங்க," என்றாள்.

அசையவில்லை.

"ஏங்க, வண்டி வருதுங்க. ப்ளீஸ்."

லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. அவன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். அவளுக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. "நடுரோட்டுல நின்னு தொலைக்காதே! இப்படி வா!"

வந்தான். ஒரு காலைத் தூக்கி வைத்து, பிறகு மறு காலைத் தூக்கி வைத்து வந்தான். அவள் முன்னால் வந்து நின்றதும் டக் என்று வாய் திறந்துகொண்டது.

அவளுக்கு எல்லாம் புரிந்தது. பயந்தாள்தான், இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பயத்துக்கு அடியில் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்ததே, அதை யாரிடம் சொல்வது? இத்தனை வருடம் வாய் திறக்க விடாதவன் இப்போது அவளுக்காக வாயைத் திறந்துகொண்டு நிற்கிறான்.

"போனை எடு," என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு. "உங்க அக்காவுக்குப் போடு. பிள்ளை எங்கேயும் வரமாட்டா, அவ அம்மாகிட்டதான் இருப்பான்னு சொல்லு."

சொன்னான். ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னான். அந்தப் பக்கம் நாத்தனார் கத்துவது கேட்டது. "கட் பண்ணுடா," என்றாள். செய்தான்.

வாலு அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். "நிஜமாவா அம்மா? நான் உன்கூடவேதானா?"

"என்கூடவேதான்டி தங்கம். இனிமே நம்மளைப் பிரிக்க ஒருத்தன் பிறந்து வரணும்."

ஓட்டல் அறைக்குத் திரும்பும்போது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. அவனைப் பார்க்கப் பார்க்க எரிச்சலாக வந்தது. "போய் அந்தச் சுவத்தைப் பாத்து நில்லு!" என்றாள். போய் நின்றான். அவள் பெட்டியைத் திறந்து அந்தச் சீருடைகளை ஒவ்வொன்றாக எடுத்து, பெயர்த் துணியைப் பிய்த்து எறிந்தாள். வாய் தானாக ஒரு பாட்டை முணுமுணுத்தது. எத்தனை நாளாயிற்று பாடி!

பின்னால் கட்டில் கிறீச்சிட்டது. வாலு சந்தோஷத்தில் கட்டில் மேல் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தாள். கட்டிலை ஒட்டி ஜன்னல். கம்பி இல்லாத ஜன்னல். கீழே எட்டிப் பார்த்தால் தலை சுற்றும் உயரம்.

"மெதுவாடி செல்லம்," என்றாள்.

பிள்ளை இன்னும் உயரமாகக் குதித்தது. ஒருமுறை கால் இடறி, ஜன்னல் விளிம்பைப் பிடித்துச் சமாளித்துக்கொண்டு சிரித்தது. எந்த அம்மாவுக்கும் அந்த நேரத்தில் என்ன வருமோ அதுதான் அவளுக்கும் வந்தது.

"ஏய்! சொன்னா கேக்க மாட்டியா? விழுந்து சாகவா போற? ஒரு இடத்துல உக்காரு!"

கட்டில் நின்றது.

வாலு உட்கார்ந்திருந்தாள். முதுகு நேராக, கைகள் இரண்டும் பக்கவாட்டில் தொங்க. கண் இமைக்கவில்லை.

"வாலு?"

அறையில் ஈர மரத்தின் வாடை அடித்தது.

"கண்ணு... அம்மா சும்மா கத்திட்டேன்டா. எழுந்திரு. இங்க பாரு, அம்மாகிட்ட வா." கன்னத்தைத் தடவினாள். காதில் முத்தம் கொடுத்தாள். தங்கம் என்றாள், ராஜாத்தி என்றாள், பெற்ற நாளிலிருந்து கூப்பிட்ட செல்லப் பெயர்களையெல்லாம் சொல்லிக் கூப்பிட்டாள்.

எதுவும் அந்தக் காதில் விழவில்லை.

பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு கதறினாள். இளஞ்சூடான உடம்பு, அழுத்திய பக்கமெல்லாம் சாய்ந்தது. கோபமாகச் சொன்னால்தான் அசைவார்கள். அப்படியானால் கோபப்பட வேண்டும். இவள்மேல். அவள் நிமிர்ந்து உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எழுந்திரு!" என்று கத்தினாள். "சனியனே, எழுந்திரு!"

அசைவில்லை. அந்தக் குரலில் கோபம் இல்லை. அவளுக்கே தெரிந்தது.

காலையிலிருந்து வயிறு முட்ட இருந்ததே கோபம், எங்கே போயிற்று? இந்த முகத்தைப் பார்த்து எதற்குக் கோபப்படுவது? வியர்வையில் நெற்றியோடு ஒட்டிய முடிக்கா? ஒரு பல் விழுந்த ஓட்டைக்கா? அவள் தன் மனதின் மூலைமுடுக்கெல்லாம் தேடினாள். தேடிய இடமெல்லாம் பிள்ளை மேல் பாசம்தான் இருந்தது.

"வர மாட்டேங்குதே," என்று தேம்பினாள். "எனக்குக் கோபம் வர மாட்டேங்குதே!"

கழுத்துக்குப் பின்னால் யாரோ நீளமாக மூச்சு விட்டார்கள்.

சுவரைப் பார்த்து நின்றவன் தலையை மட்டும் மெல்லத் திருப்பினான். மகளும் திருப்பினாள். டக் என்ற ஒரே சத்தத்தில் இரண்டு வாய்களும் திறந்துகொண்டு, அவள் பேசுவதற்காகக் காத்திருந்தன.