நாலு மில்லி சிலிகான்

காலை 9.05. மூக்கைச் சீராக்க உள்ளே வைக்கும் பொருள்களின் மாதிரிகள் இருந்த பெட்டியை மூக்கு டாக்டர் திறந்தார். உள்ளே மூன்று குழிகள். ஒன்றில் துளைதுளையான வெள்ளைப் பிளாஸ்டிக். ஒன்றில் விலாக் குருத்தெலும்பு எப்படி இருக்கும் என்று காட்டும் மெழுகுத் துண்டு. சிலிகான் துண்டு இருந்த குழி காலி.

9.20. டாக்டர் போனில் புகார் சொல்லி ஏட்டு வந்தார். பழைய அடிதடி ஒன்றில் வாங்கிய குத்தால் அவர் மூக்கு இடது கன்னத்தைப் பார்த்தபடி சாய்ந்திருக்கும். வரவேற்புப் பெண் நோயாளி அட்டையை நீட்டினாள்.

"நான் போலீஸும்மா."

"போலீஸுக்கும் பண்றோம் சார்."

டாக்டர் ஏட்டைத் தன் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். அவருக்குச் சந்தேகம் ஒருவர் மேல்தான். நேற்று மாலை ஆறு மணிக்கு எல்லாரும் போனபின் சாவி கூட்டுகிற அக்காவிடம் இருந்தது. பதினோரு மணிக்குள் துண்டு வராவிட்டால் அவள் நாளை முதல் வேலைக்கு வரவேண்டாம் என்றார். சொல்லும்போதே ஏட்டின் மூக்கை இருபுறமும் சாய்ந்து பார்த்து, உங்களுக்கு விலாக் குருத்துதான் சரிப்படும் என்றார்.

அங்கேயே கூட்டிக்கொண்டிருந்த அக்கா துடைப்பக்கட்டையைக் கீழே வைக்காமலே பதில் சொன்னாள்.

"ஒன்பது வருஷமா இங்க கூட்டிப் பெருக்குறேன். எனக்கெதுக்கு சார் இன்னொரு மூக்கு? இருக்கிற ஒண்ணே பினாயில் வாடை தாங்கல."

வீட்டில் மூன்று வயிறு. அதையும் சொன்னாள், அழவில்லை.

9.40. ஏட்டு வரவேற்பு மேஜையில் குறிப்பேட்டை விரித்தார். கனத்த மரமேஜை. டீ வந்தது. வரவேற்புப் பெண்ணின் இடதுகை பழக்கத்தில் பாய்ந்து டம்ளரைப் பிடித்துக்கொண்டது. இந்த மேஜைக்கு மூன்று வருஷமாக ஆட்டம், எத்தனை ரிஜிஸ்டர் டீயில் ஊறியது தெரியுமா என்று புலம்பினாள். கையை எடுத்தாள். டீ அசையவில்லை.

அவளை விசாரித்தார். நேற்று ஐந்தரைக்கே பஸ் பிடிக்கப் போய்விட்டாள். இன்று எட்டரை முதல் நாற்காலியை விட்டு எழவில்லை. நேற்றைய கடைசி நோயாளி, அதோ பெஞ்சில் இருக்கும் ஃபிட்டர்.

ஆலையில் கப்பிக் கொக்கி அடித்து மூக்குத்தண்டு அமுங்கிப்போனவர். கண்ணாடி நிற்காது. மூன்று கண்ணாடிகளைப் பல்சக்கரம் தின்றுவிட்டது. எந்தப் பொருள் வைப்பது என்று இன்று முடிவு சொல்ல மனைவியோடு ஒன்பது மணிக்கு வந்திருந்தார். சட்டைப் பையிலிருந்து காலிப்பர் அளவுகோல் எட்டிப் பார்த்தது.

நேற்று நடந்ததை டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார். சிலிகான் சுலபம், ஆனால் நகரலாம். பிளாஸ்டிக்கில் சதை பிடித்துக்கொள்ளும், பிறகு எடுப்பது கஷ்டம். குருத்து சொந்தச் சரக்கு, ஆனால் வளையலாம், நெஞ்சிலும் ஒரு வெட்டு. எல்லாம் கேட்டுவிட்டு, எத்தனை கிலோ தாங்கும் என்றாராம் ஃபிட்டர். அதற்குள் போன் வந்து டாக்டர் பத்து நிமிஷம் வெளியே போய்விட்டார்.

"அவர் அப்படித்தான்" என்றாள் மனைவி. நாற்காலி வாங்கினால் ஏறி நின்று குதித்துப் பார்த்துத்தான் வாங்குவாராம். பெண் பார்க்க வந்தபோது வீட்டுக் கதவைக்கூட ஆட்டிப் பார்த்தாராம்.

10.35. ஏட்டு எல்லாரையும் மேஜையைச் சுற்றி நிற்கவைத்தார். உருண்டைப் பென்சிலை மேஜைமேல் வைத்தார். அது உருளவில்லை.

"மூணு வருஷமா ஆடின மேஜை இன்னைக்கு ஏன் ஆடல?"

ஏட்டு ஃபிட்டரின் சட்டைப் பை பக்கம் திரும்பினார்.

"மூக்கு பாக்க வர்ற மனுஷனுக்குக் காலிப்பர் எதுக்கு? ஃபிட்டர் அண்ணே, நீங்களே எடுக்கிறீங்களா, நான் குனியவா?"

ஃபிட்டர் மண்டியிட்டு, மேஜையைத் தோளால் தூக்கி, பின்கால் அடியிலிருந்து சிலிகான் துண்டை உருவினார். முகம் சிவந்திருந்தது.

"வாழ்நாள் பூரா மூஞ்சில இருக்கப்போற சாமான் சார். ஒரு ராத்திரி பாரம் ஏத்திப் பாக்க வேண்டாமா? யாரும் வர்றதுக்குள்ள எடுத்துரலாம்னு வந்தேன். இந்தப் பொண்ணு எழுந்திரிக்கவே இல்ல. அது கால்மாட்டுல நான் எப்படிப் போய் தவழ்றது?"

"அந்தப் பிளாஸ்டிக்க ஏன் விட்டீங்க?" என்றார் ஏட்டு.

"நாலு கால்ல ஒண்ணுதானே சார் குட்டை."

இதற்காக அக்காவின் வேலை போக இருந்ததை ஏட்டு சொன்னதும் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். உன் கூச்சத்துக்கு அந்தம்மா சோறு போயிருக்குமே என்று கேட்டாள். ஃபிட்டர் அக்காவின் முன் கைகூப்பினார்.

"பழி உங்க மேல போனது தெரியாது தாயி. தெரிஞ்சிருந்தா தவழ்ந்திருப்பேன்."

பிறகு காலிப்பரை எடுத்துத் துண்டை அளந்தார். "நாலு மில்லி. நேத்தும் நாலுதான். டாக்டர், எனக்கு இதுவே போதும். ஆனா புதுசு."

டாக்டர் தொண்டையைச் செருமினார். அக்காவை நேராகப் பார்க்காமல், சரி, நீ நாளைக்கு வேலைக்கு வா என்று அவளிடம் சொன்னார். நிம்மதியோடு மேஜையில் சாய்ந்து கையூன்றினார்.

மேஜை பழையபடி ஆடியது. டம்ளர் கவிழ்ந்து, ஆறிப்போன டீ அவர் வெள்ளைக் கோட்டில் கொட்டி, தரையில் ஓடியது.

எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள். அக்கா துடைப்பக்கட்டையைப் பார்த்தாள். பிறகு அதை டாக்டர் பக்கம் நீட்டினாள்.

"என்னை நாளைக்குத்தான வரச் சொன்னீங்க?"

10.50. டாக்டர் அதில் துணியைச் சுற்றித் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். மூலையில் ஈரம் விட்டுப்போகிறது என்று ஏட்டு விரல் நீட்டிக் காட்டினார்.