ஒழுகாதே, நீலமே!

"தொடாதே. சாயாதே. தும்மவும் கூடாது!" என்றாள் சித்தி.

தும்மலுக்குமா தடை? கேள்விக்குறி முகமூடிக்குள் உதட்டைப் பிதுக்கினாள். எதற்கெடுத்தாலும் "ஏன்? எப்படி?" என்று குடைவதால் வீட்டில் எல்லாரும் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் அது.

சித்தி மேசை செய்கிறவள். அவளுடைய பட்டறையின் நடுவே ஒரு நீளப் பலகை படுத்திருந்தது. பள்ளிக்கூட மைதானத்தில் காற்றுக்குச் சாய்ந்துவிட்ட மரத்தின் பலகை. அதன் நடுவில் நீளமாக ஒரு விரிசல். நீலச் சாயம் கலந்த ரெசினை அதில் ஊற்றினால், தேன் மாதிரி மெல்ல ஓடி நிறைந்து, பிறகு கண்ணாடியாக இறுகிவிடும். மரத்துக்கு நடுவே ஓர் ஓடை!

"நம்ம மரம் மேசையா திரும்பி வரும், பாருங்க!" என்று வகுப்பு முழுக்கத் தம்பட்டம் அடித்திருந்தாள் கேள்விக்குறி. வராவிட்டால் மானம் கப்பலேறிவிடும். அது போனால் போகட்டும். அந்த மரத்தை அவளுக்கு அவ்வளவு பிடிக்கும். மிச்சம் இருந்ததோ இந்த ஒரே பலகைதான்.

சித்தி பலகையின் அடியிலும் முனைகளிலும் டேப் ஒட்டி, முதல் வாளி ரெசினை ஊற்றி முடித்தாள். அடுத்த வாளியைக் கலக்கத் தொடங்கினாள்.

"சித்தி, நீலம் கீழ இறங்குது."

"மரம் கொஞ்சம் குடிக்கும்டி."

"இவ்வளவா குடிக்கும்? இது மரமா, ஒட்டகமா?"

"ஐயோ, ஆரம்பிச்சிட்டியா! வேலை நேரத்துல வாயை மூடிட்டு இரு."

வாயை மூடிக்கொண்டாள். கண்ணை மூடவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு பலகையைச் சுற்றி வந்தாள். அடியில் ஒன்றுமில்லை. முனைகளிலும் ஒன்றுமில்லை. பக்கவாட்டில் குனிந்தபோது தரையில் 'டொப்' என்று ஒரு நீலச் சொட்டு விழுந்தது.

வண்டு குடைந்த ஓட்டை! மரத்தூள் அடைத்துக்கொண்டிருந்ததால் அதுவரை யார் கண்ணிலும் படவில்லை. இப்போது ரெசின் தூளைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துகொண்டிருந்தது.

"சித்தி! ஓட்டை! எல்லாம் ஒழுகுது!"

சித்திக்கு முகம் வெளுத்துவிட்டது. "அடக் கடவுளே! கலக்குறதைப் பாதியில விட்டா இது இறுகாதே! டேப்பை ஒட்டுடி, சீக்கிரம்!"

கையுறை மாட்டிய கையால் ஒட்டினாள். ஈரத்தில் டேப் வழுக்கிக்கொண்டு வந்தது. துணியை வைத்து அழுத்தினாள். துணிதான் நீலமானது. சொட்டிக்கொண்டிருந்தது இப்போது நூலாக ஒழுகியது.

"விடமாட்டேன், உன்னை!" என்று ஓட்டையிடம் பல்லைக் கடித்தாள்.

களிமண்!

வாசற்படியில் அவள் தம்பி பொடியன் விளையாட்டுக் களிமண்ணில் யானை செய்துகொண்டிருந்தான். காலையிலிருந்து செய்கிறான். அப்போதுதான் தும்பிக்கை ஒட்டி முடித்திருந்தான். பிடுங்கிக்கொண்டு ஓடிவிடலாம், அவன் அழுவதற்குள் ஓட்டையை அடைத்தும்விடலாம். அவளுக்கு மனசு வரவில்லை. அவன் முன்னால் மண்டியிட்டாள்.

"பொடியா, நம்ம மரம் ஒழுகுதுடா. அடைக்கக் களிமண் வேணும். உன் யானையைத் தருவியா?"

பொடியன் உதடு துடித்தது. "முழு யானையுமா?"

"கொஞ்சம் போதும்."

"காலை எடுத்தா நிக்காது. தும்பிக்கையை எடுத்தா தண்ணி குடிக்காது." யானையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "பின்பக்கம் எடுத்துக்கோ!"

யானையின் பின்பக்கம் ஓட்டைக்குள் போனது. கேள்விக்குறி கட்டைவிரலால் அழுத்தினாள். விரலை எடுத்தால் களிமண் பிதுங்கியது. மறுபடி அழுத்தினாள்.

"அப்படியே பிடிச்சுக்கோ! கலக்கி முடிச்சதும் கிளாம்ப் எடுத்துட்டு வரேன்" என்று சித்தி கத்தினாள்.

கை வலித்தது. தோள் கெஞ்சியது. பாழாய்ப்போன மூக்கு வேறு, இப்போது பார்த்து அரித்தது.

"பொடியா, முகமூடியை மாட்டிட்டு வா! என் மூக்கைச் சொறி!"

பொடியன் ஓடிவந்து மும்முரமாகச் சொறிந்தான்.

"அது கன்னம்டா!"

"மூடி வச்சிருக்கே, எனக்கு எப்படித் தெரியும்?"

சிரித்தால் விரல் நழுவிவிடும். சிரிப்பை அடக்கியதில் கண்ணில் நீரே வந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை.

கடைசியில் சித்தி வந்தாள். களிமண்மேல் ஒரு மரக்கட்டையை வைத்துக் கிளாம்பால் இறுக்கினாள். "இப்ப விடு, கண்ணு."

விரல் மடங்கவே மறுத்தது. சித்தி அதைப் பிடித்து நீவிவிட்டாள். "நீ கேட்டப்பவே நான் எழுந்து வந்து பாத்திருக்கணும்" என்றாள்.

பிறகு மீதி ரெசினை ஊற்றினாள். மூவரும் குனிந்து பார்த்தார்கள். நீலம் ஏறியது. நிறைந்தது. நின்றது.

நீலம் இறுகி, பலகை இழைபட்டு, மெருகேறி, மேசையாக வகுப்புக்கு வந்த அன்று பிள்ளைகள் மொய்த்துக்கொண்டார்கள். ஆளுக்கு ஆள் ஓடையின்மேல் விரலை ஓடவிட்டார்கள். கேள்விக்குறிக்குப் பெருமை தாங்கவில்லை.

சின்ன வகுப்பிலிருந்து ஓடிவந்த பொடியன், அனுமதி கேட்காமலே அக்காவின் வகுப்புக்குள் நுழைந்தான். எல்லாரையும் இடித்துக்கொண்டு போய், மேசையின் பக்கவாட்டில், ஓட்டை இருந்த இடத்தில் இறுகியிருந்த சின்ன நீலப் பொட்டைத் தேடிக் கண்டுபிடித்தான். கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான். விரலைத் திருப்பிப் பார்த்தான்.

"அக்கா, இன்னும் ஒழுகல!" என்று வகுப்பே அதிரக் கத்தினான்.