தைலம் இரண்டு டப்பா

1983, நவம்பர் 14, திங்கள். காலை 6:10.

கொள்ளிடக் கரையில் மூன்றாவது சுற்று ஓடிக்கொண்டிருந்த அக்னஸ் நின்றாள். இடுப்பில் கைவைத்துக் குனிந்தாள். மூச்சை இழுத்துப் பார்த்தாள், வரவில்லை. புத்தூர் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வயது இருபது.

7:30. ஸ்ரீரங்கம் சப்-இன்ஸ்பெக்டர் மட்டுவார்குழலி கரைக்கு வந்தாள். பத்து வருஷ சர்வீஸில் சாவு பார்த்துப் பார்த்து அவளுக்கு மரத்துப்போயிருந்தது. அதை அவள் யாரிடமும் மறைப்பதில்லை.

கோச் தாயுமானவன் ஈர மண்ணிலேயே உட்கார்ந்திருந்தார்.

"இளைப்பு இருக்கிற பொண்ணை எதுக்கு சார் ஓட விட்டீங்க?"

"ஓடினாத்தான் மேடம் அவளுக்கு இளைப்பு வரும். மூணு மாசமா அதுவும் இல்லை. இதைப் பாருங்க."

ஒரு நோட்டு. ஏதோ வெளிநாட்டு விளையாட்டுப் பத்திரிகையில் படித்து அவர் எழுதிக்கொடுத்த பட்டியல் அதில் இருந்தது. தினம் இரண்டு மீன் எண்ணெய் மாத்திரை, ஓடுவதற்கு முன் அரை ஸ்பூன் வைட்டமின் சி பவுடர் தண்ணீரில், சாப்பாட்டில் பாதி உப்பு. பக்கத்தில் 'மூச்சு' என்று ஒரு கட்டம். தினமும் அக்னஸ் அதில் 'நல்லா இருக்கு' என்று எழுதியிருந்தாள். பவுடர் செய்த வேலையா, நம்பிக்கை செய்த வேலையா, அது கடவுளுக்கே வெளிச்சம்.

கடைசிப் பக்கத்தில், வெள்ளிக்கிழமை பெங்களூர் ரயிலுக்கு எடுத்துவைக்க வேண்டியவை: 'மீன் எண்ணெய் பாட்டில், பவுடர் டப்பா, ஷூ, தைலம் இரண்டு டப்பா.' அங்கே ஓட்டப் பந்தயத் தேர்வில் ஜெயித்தால் ரயில்வேயில் வேலை. கால்வலிக்குத் தைலம் போலிருக்கிறது என்று நினைத்துக் குழலி நோட்டை மூடினாள்.

பவுடர் டப்பாவைத் திறந்து முகர்ந்தாள். வினிகர் மாதிரிப் புளித்த காடி வாசனை அடித்தது.

"ஊறுகாய் வச்ச டப்பாவா இருக்கும் மேடம்" என்றார் கான்ஸ்டபிள் நிஜாமுதீன்.

டப்பா புதுசு. லேபிள்கூடக் கசங்கவில்லை. குழலி அதைப் பரிசோதனைக்கு அனுப்பினாள்.

9:20. மும்தாஜ். அக்னஸுக்கு அடுத்தபடியாக வேகமாக ஓடுகிறவள். அக்னஸ் போகாவிட்டால் பெங்களூருக்கு இவள்தான். இவள் பையில் ஆஸ்பிரின் பட்டை ஒன்று இருந்தது.

"இது எதுக்கு?"

"முட்டி வலிக்கு மேடம்."

"பவுடரை யார் கலக்குவா?"

"அவதான். சில நாள் நான் கலக்கித் தருவேன். இன்னிக்கு நான்தான் கொடுத்தேன்."

சொல்லிவிட்டுத் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. குழலி ஒரு மாத்திரையைப் பிரித்து முகர்ந்தாள். வாசனையே இல்லை.

11:00. மேலப்புதூர். அக்னஸின் அப்பா பாக்கியநாதன், ரயில்வே குமாஸ்தா. மனைவி இறந்து ஒன்பது வருஷம், ஒரே பெண். தலையில் துண்டை இறுக்கிக் கட்டியிருந்தார். வீடெல்லாம் நீலகிரித் தைலம் மணந்தது.

"தலைவலிக்கு மாத்திரை போடலையா?"

"வீட்டுல அந்த மாத்திரையே வச்சுக்கிறதில்லை மேடம். பதினாறு வருஷமா தைலம்தான்."

"பொண்ணு பெங்களூர் போறதுல உங்களுக்குச் சம்மதமா?"

"அவ இஷ்டம்."

அலமாரியில் தைலமும் டிஞ்சரும் மட்டும் இருந்தன. கேட்டதற்கெல்லாம் அவர் பதில் சொன்னார். ஆபீசில் ஃபைல் எடுத்துக்கொடுப்பது மாதிரி சொன்னார்.

வியாழன், மாலை 3:00. பரிசோதனை முடிவு வந்தது: பவுடரில் ஆஸ்பிரின்.

ஆஸ்பத்திரி டாக்டர் போனில் விளக்கினார். "ஆஸ்துமாக்காரங்க சிலருக்கு ஆஸ்பிரின் ஆகாது. மூச்சுக்குழல் சுருங்கிடும். ஜனங்களுக்கு இது தெரியாது. பெப்பர்மின்ட் மாதிரி வாங்கி முழுங்கறாங்க."

"அப்ப மும்தாஜ்தான்" என்றார் நிஜாமுதீன். "ஜீப்பை எடுக்கவா?"

"எடுங்க. முதல்ல ரயில்வே டிஸ்பென்சரிக்கு. அப்புறம் மேலப்புதூருக்கு."

4:30. பாக்கியநாதன் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். குழலி உட்காரவில்லை.

"பவுடர்ல ஆஸ்பிரினைக் கலந்தது நீங்கதான்."

அவர் நாற்காலியை மறுபடி துடைத்தார்.

"ரெண்டும் புளிப்பு. அதனால அவளுக்கு ருசி தெரியலை. ஆனா ஈரம் பட்ட ஆஸ்பிரின் காடி வாசனை அடிக்கும். மும்தாஜோட மாத்திரை பட்டையில இருந்துச்சு, ஈரம் படலை. டிஸ்பென்சரி ஜாடியைத் திறந்தேன், அதே காடி வாசனை. போன வாரம் செவ்வாய்க்கிழமை ரிஜிஸ்டர்ல உங்க பேர், பத்து மாத்திரை. மாத்திரையே போடாத மனுஷனுக்கு எதுக்கு அது?"

"தலைவலி."

"தினமும் தலைவலிக்கிற வீட்டுல ஒரு ஆஸ்பிரின்கூட இல்லை. அதைத்தான் நான் முதல் நாள் கவனிக்காம விட்டேன். அவளுக்கு அது ஆகாதுன்னு தெரிஞ்ச வீடு இது ஒண்ணுதான்."

பாக்கியநாதன் துண்டை அவிழ்த்து மடித்தார்.

"நாலு வயசுல காய்ச்சலுக்குக் கொடுத்தோம். இளைச்சுது. ரெண்டு நாள்ல சரியாப் போச்சு. அவளுக்கு அது ஞாபகம் இல்லை. இப்பவும் ரெண்டு நாள் இளைச்சா வெள்ளிக்கிழமை ரயிலை விட்டுடுவான்னு நெனச்சேன். வீட்டுல குடிச்சுட்டுப் படுத்திருப்பான்னு நெனச்சேன். ஓடுவான்னு நெனைக்கலை." மடித்த துண்டை நாற்காலியில் வைத்தார். "அவளும் போயிட்டா நான் மட்டும் இங்க என்ன பண்றது மேடம்?"

வெள்ளி, மாலை 5:00. ரயிலுக்குப் போகும் வழியில் மும்தாஜ் ஸ்டேஷனுக்கு வந்தாள். கையில் பெட்டி.

"நான் போகலாமா மேடம்?"

"போம்மா. உன்மேல ஒண்ணும் இல்லை."

அவள் முகத்தில் சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை. மேஜைமேல் இருந்த நோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள். குழலி கடைசிப் பக்கத்தைக் காட்டினாள்.

"அவளுக்குக் கால்வலியா? தைலம் ரெண்டு எதுக்கு?"

"அவளுக்கு இல்லை மேடம், அவங்க அப்பாவுக்கு. அவரையும் கூட்டிக்கிட்டுப் போகத்தான் இருந்தா. வேலை கிடைச்சதும் அங்கேயே வீடு பார்க்கணும்னு சொன்னா. டிக்கெட்கூட ரெண்டு எடுத்து வச்சிருந்தா. முன்னாடியே சொன்னா வரமாட்டார்னு, இன்னிக்குக் காலைல சொல்றதா இருந்தா."

மும்தாஜ் போன பிறகு குழலி நோட்டை எடுத்துக்கொண்டு லாக்கப்புக்குப் போனாள். பாக்கியநாதன் இரண்டு கையாலும் நெற்றியை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கொஞ்சம் தைலம் கிடைக்குமா மேடம்?"

குழலிக்குப் பத்து வருஷமாக வராத அழுகை வந்தது. நோட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, நிஜாமுதீனைக் கடைக்கு அனுப்பினாள்.